வரம்பு எங்கே, வாக்கு எங்கே? – வாசகர் கேள்வி பதில்

தேர்தல் எல்லைகள் பற்றிக் கடந்த மாதங்களில் இலங்கையின் வன்னியிலிருந்து பல கடிதங்கள் வந்தன. ஒரே கேள்வியைப் பலர் கேட்டிருந்தால் அவற்றில் ஒன்றை மட்டும் எடுத்திருக்கிறோம். வாசகர்கள் கேட்டபடி பெயர்களைத் தவிர்த்து ஊரை மட்டும் குறிப்பிடுகிறோம்.

அமெரிக்காவில் தொகுதி எல்லையை மாற்றியே தேர்தலை வெல்கிறார்கள் என்று செய்தியில் சொல்கிறார்கள். வாக்களிப்பது அதே ஆட்கள்தானே? கோட்டை மாற்றினால் முடிவு எப்படி மாறும்?
– வாசகர், மல்லாவி

ஒரு சிறிய கணக்கில் பார்ப்போம். ஒரு பிரதேசத்தில் 5,000 வாக்காளர்கள், ஐந்து வட்டாரங்கள், வட்டாரத்துக்கு 1,000 பேர் என்று வையுங்கள். 'அ' கட்சிக்கு 3,000 பேர், 'ஆ' கட்சிக்கு 2,000 பேர். நியாயமாகப் பார்த்தால் மூன்றுக்கு இரண்டு என்று உறுப்பினர் வரவேண்டும்.

இப்போது கோடு கீறுகிறவர் 'அ' கட்சிக்காரர். ஐந்து வட்டாரத்திலும் 600க்கு 400 என்று வரும்படி 'ஆ' கட்சியின் ஊர்களைத் துண்டு துண்டாக்கிச் சேர்க்கிறார். ஐந்தும் 'அ'வுக்கு. 2,000 பேர் வாக்களித்தும் 'ஆ'வுக்கு ஓர் உறுப்பினர்கூட இல்லை. இது சிதறடித்தல்.

பென்சில் 'ஆ' கட்சிக்காரரின் கைக்குப் போனால், 'அ'வின் ஊர்களை இரண்டே வட்டாரத்துக்குள் அடைக்கிறார். அந்த இரண்டிலும் 950க்கு 50 என்று 'அ' வெல்கிறது. அதிலேயே அதன் 1,900 வாக்குகள் முடிந்துவிட்டன. மிச்சம் 1,100 வாக்குகள் மூன்று வட்டாரங்களில் 366, 367, 367 என்று பிரிந்து, மூன்றிலும் 'ஆ' வெல்கிறது. நூற்றுக்கு நாற்பது பேரின் கட்சி சபையைப் பிடித்துவிட்டது. இது அடைத்தல்.

இரண்டு வழியிலும் நடப்பது எதிர்த் தரப்பின் வாக்கை வீணாக்குவதுதான். சிதறடித்தால் வாக்கு தோற்று வீணாகும். அடைத்தால் வென்று வீணாகும்: 950 பேர் வாக்களித்த இடத்தில் வெல்ல 501 போதும், மீதி 449 வாக்கால் வேறெங்கும் பயனில்லை. ஆகவே ஒரு வரைபடத்தைச் சோதிக்க வேண்டுமானால் அதன் வடிவத்தைப் பார்ப்பதைவிட, ஒவ்வொரு கட்சிக்கும் இப்படி எத்தனை வாக்கு வீணாயிற்று என்று கூட்டிப் பாருங்கள். கோணல்மாணலான எல்லை ஆற்றோரமாகப் போவதால் வந்திருக்கலாம். சதுரமான எல்லைக்குள்ளும் சூது இருக்கலாம்.

ஆங்கிலத்தில் இதை ஜெரிமாண்டரிங் என்பார்கள். 1812இல் அமெரிக்காவின் மசாசூசெட்ஸ் மாநில ஆளுநராக இருந்த எல்பிரிட்ஜ் ஜெரி ஒப்பமிட்ட வரைபடத்தில் ஒரு தொகுதி சலமாண்டர் என்ற பல்லி போன்ற பிராணியின் வடிவில் நெளிந்திருந்தது. ஜெரியையும் சலமாண்டரையும் ஒட்டி வந்த பெயர் அது. தமிழில் ஒரு சொல் இன்னும் நிலைக்கவில்லை. இந்தப் பக்கத்தில் 'எல்லை வளைப்பு' என்று சொல்கிறோம்.

நான் உயர்தர அரசியல் விஞ்ஞான மாணவி. எல்லை வளைப்புக்கு உண்மையான எண்களோடு ஓர் உதாரணம் தரமுடியுமா?
– மாணவி, வவுனியா

வட அயர்லாந்தின் டெரி நகரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பரீட்சைக்கும் நல்ல உதாரணம், எண்களும் தெளிவானவை. 1960களின் பிற்பகுதியில் நகரசபைத் தேர்தலுக்கான பதிவில் கத்தோலிக்க வாக்காளர்கள் 14,429 பேர், மற்றவர்கள் 8,781 பேர். நகரம் மூன்று வட்டாரங்களாகப் பிரிக்கப்பட்டிருந்தது. தெற்கு வட்டாரத்தில் 10,047 கத்தோலிக்கரும் 1,138 மற்றவர்களும், அதற்கு 8 உறுப்பினர். வடக்கு வட்டாரத்தில் 2,530 பேரும் 3,946 பேரும், அதற்கும் 8 உறுப்பினர். வோட்டர்சைட் வட்டாரத்தில் 1,852 பேரும் 3,697 பேரும், 4 உறுப்பினர். பெரும்பான்மையினர் ஒரே வட்டாரத்துக்குள் அடைக்கப்பட்டு 8 ஆசனம் பெற, சிறுபான்மையினர் மற்ற இரண்டையும் வென்று 12 ஆசனத்தோடு நகரத்தை ஆண்டார்கள். நகரசபை வீடு கொடுப்பதிலும் வேலை கொடுப்பதிலும் இந்த 12க்கு 8 எதிரொலித்தது. 1968இல் அங்கே வெடித்த குடிசார் உரிமைப் போராட்டத்தின் முதன்மைக் காரணங்களில் இது ஒன்று.

அமெரிக்காவின் விஸ்கொன்சின் மாநிலத்தில் 2018 கீழ்ச்சபைத் தேர்தலில் ஜனநாயகக் கட்சி மாநில மொத்த வாக்கில் பாதிக்கு மேல் எடுத்தும் 99 ஆசனங்களில் 36ஐ மட்டுமே பெற்றது. கட்சி இலாபத்துக்காகச் செய்யும் எல்லை வளைப்பில் மத்திய நீதிமன்றங்கள் தலையிட முடியாது என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 2019இல் 5க்கு 4 என்ற பெரும்பான்மையில் தீர்ப்பளித்தது.

எங்கள் நாட்டில் விகிதாசார முறை. கோடு கீறுவதால் என்ன நடந்துவிடப் போகிறது?
– வாசகர், புதுக்குடியிருப்பு

பாராளுமன்றத் தேர்தலைப் பொறுத்தவரை பாதிதான் சரி. தேர்தல் மாவட்டத்துக்குள் தொகுதி எல்லை எங்கே போனாலும் ஆசனக் கணக்கு மாறாது. வன்னித் தேர்தல் மாவட்டத்தில் மன்னார், வவுனியா, முல்லைத்தீவு ஆகிய மூன்று தொகுதிகளின் வாக்குகளும் ஒன்றாகக் கூட்டப்படுகின்றன. அந்த வகையில் 1978 யாப்பு உள்கோடுகளின் விஷப்பல்லைப் பிடுங்கிவிட்டது. ஆனால் தேர்தல் மாவட்டத்தின் வெளிக்கோடும், அதற்கு எத்தனை ஆசனம் என்ற எண்ணும் இன்னும் உயிரோடுதான் இருக்கின்றன.

225 பேரில் 29 பேர் தேசியப்பட்டியல். மீதி 196. இதில் 160 ஆசனங்கள் வாக்காளர் தொகைப்படி 22 தேர்தல் மாவட்டங்களுக்குப் பிரிக்கப்படும். 36 ஆசனங்கள் மாகாணத்துக்கு நான்கு என்று ஒன்பது மாகாணங்களுக்கும் சமமாகப் போகும். வடமாகாணத்தின் நான்கில் மூன்று வன்னித் தேர்தல் மாவட்டத்துக்கு, ஒன்று யாழ்ப்பாணத்துக்கு.

2024 கணக்கைச் செய்து பாருங்கள். நாடு முழுவதும் பதிவான வாக்காளர் 1,71,40,354. இதை 160ஆல் வகுத்தால் ஏறத்தாழ 1,07,127. வன்னியின் 3,06,081 வாக்காளரை இதால் வகுத்தால் 2.86 வருகிறது. முழு எண் 2, பெரிய மிச்சத்துக்கு இன்னொன்று, ஆக 3. மாகாண ஒதுக்கீட்டின் 3ஐக் கூட்டினால் 6. யாழ்ப்பாணத்தின் 5,93,187ஐ வகுத்தால் 5.54. முழு எண் 5, மிச்சம் போதாமற்போயிற்று. மாகாண ஒதுக்கீட்டின் 1ஐக் கூட்டினால் 6.

இதன் பொருளை வன்னி மக்கள் நன்றாக விளங்கிக்கொள்ள வேண்டும். வன்னியில் ஏறத்தாழ 51,000 வாக்காளருக்கு ஒரு பாராளுமன்ற உறுப்பினர். யாழ்ப்பாணத்திலும் கம்பஹாவிலும் ஏறத்தாழ 99,000 பேருக்கு ஒருவர். வன்னி வாக்கின் எடை கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. மன்னார் தீவிலிருந்து கொக்கிளாய் வரை 6,500 சதுர கிலோமீற்றருக்கு மேல் பரந்து, மக்கள் ஐதாக வாழும் நிலத்துக்கு இது நியாயம் என்பதே எங்கள் கருத்து. ஆனால் இந்த நியாயம் அந்த மூன்று மாகாண ஆசனங்களில் தொங்குகிறது. புதிய யாப்பு, புதிய தேர்தல் முறை என்று பேச்சு எழும்போதெல்லாம் "அந்த 36 ஆசனங்களுக்கு என்ன நடக்கும்?" என்ற கேள்வியை வன்னியிலிருந்துதான் முதலில் கேட்கவேண்டும். வாக்காளர் தொகை ஒன்றையே அளவாக எடுத்தால் வன்னிக்கு மிஞ்சுவது ஏறத்தாழப் பாதி.

ஆசனங்களைக் கட்சிகளுக்குப் பிரிப்பதிலும் இரண்டு விடயங்களைப் பார்க்க வேண்டும். 5 வீத வெட்டுப்புள்ளிக்குக் கீழே போன பட்டியல்களின் வாக்குகள் கணக்கிலிருந்தே கழிக்கப்படும். முதலிடம் வந்த கட்சிக்கு ஒரு போனஸ் ஆசனம் போகும். 2024 பொதுத் தேர்தலில் வன்னியில் தேசிய மக்கள் சக்தி 39,894 வாக்குகளோடு, அதாவது ஐந்தில் ஒரு பங்கு வாக்கோடு முதலிடம் வந்து 2 ஆசனம் எடுத்தது. மீதி நான்கும் நான்கு பட்டியல்களுக்கு ஒவ்வொன்றாகப் போயின. நாடளாவிய ரீதியில் அதே கட்சிக்கு 61.56 வீத வாக்கும் 159 ஆசனமும், அதாவது 70 வீதத்துக்குச் சற்று அதிகமான ஆசனமும் கிடைத்தன. 22 மாவட்டங்களில் 21இன் போனஸ் ஆசனம் அதன் பக்கம் போனது இந்த வித்தியாசத்துக்கு ஒரு காரணம்.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். வெட்டுப்புள்ளிக்குக் கீழே விழும் பட்டியல்களாக நாமே பிரிந்து நின்றால், எவரும் கோடு கீறாமலே சிதறடித்தல் நடந்துவிடுகிறது.

கிளிநொச்சியும் வன்னிதான். ஆனால் பாராளுமன்றத் தேர்தலில் எங்கள் வாக்கை யாழ்ப்பாணத்தோடு எண்ணுகிறார்கள். ஏன்?
– வாசகர், பரந்தன்

தேர்தல் மாவட்டங்கள் பிரிக்கப்பட்டபோது கிளிநொச்சி யாழ் நிர்வாக மாவட்டத்துக்குள் ஒரு தொகுதி. தனி நிர்வாக மாவட்டமானது 1984இல். நிர்வாக எல்லை மாறியபோது தேர்தல் மாவட்ட எல்லை கூடவே மாறவில்லை. இரண்டும் வேறு வேறு சட்டத்தில் நிற்பவை. அதனால் இன்றும் யாழ் தேர்தல் மாவட்டத்தின் 11 தொகுதிகளில் ஒன்றாகவே கிளிநொச்சி இருக்கிறது. மாகாணசபைத் தேர்தல் நிர்வாக மாவட்டப்படி நடப்பதால் 2013இல் கிளிநொச்சிக்கென்று தனியாக 4 ஆசனங்கள் இருந்தன.

நடைமுறை விளைவு இது: 2024இல் யாழ் தேர்தல் மாவட்டத்தின் 5,93,187 வாக்காளரில் கிளிநொச்சித் தொகுதியில் 1,00,907 பேர், அதாவது 17 வீதம். ஆறு ஆசனங்களில் ஒன்றைப் பெறும் அளவுக்கு ஆட்கள் இருக்கிறார்கள். ஆனால் அந்த ஒன்று கிளிநொச்சிக்காரருக்கு வரும் என்ற உறுதியைச் சட்டம் தரவில்லை. கட்சிப் பட்டியலிலுள்ள வேட்பாளருக்கு இடும் விருப்பு வாக்கு ஒருவரிடம் குவிந்தால் வரும், பிரிந்தால் வராது.

வன்னியோடு சேர்த்தால் என்ன ஆகும் என்று பலர் கேட்கிறார்கள். 2024 எண்களை வைத்தால் வன்னி 4,06,988 வாக்காளர், வகுத்தால் 3.80, ஆக 4. மூன்று மாகாண ஆசனங்களும் அப்படியே நின்றால் 7. யாழ்ப்பாணம் 4.60. மிச்சத்துக்கு ஆசனம் கிடைத்தால் மொத்தம் 6, கிடைக்காவிட்டால் 5. மாகாணத்துக்கு நட்டம் வரும் என்று சொல்ல முடியாது. ஆனால் எல்லையைத் திறந்தால் 3க்கு 1 என்ற பங்கீடும் மேசைக்கு வரும். அதையும் எண்ணித்தான் இந்தக் கோரிக்கையை வைக்கவேண்டும்.

அப்பாவின் காலத்துத் தொகுதி முறைதான் சிறந்தது, ஊருக்கு ஒரு எம்பி இருந்தார் என்கிறார்கள். உண்மையா?
– வாசகர், துணுக்காய்

ஊருக்கு ஒருவர் என்பது உண்மை. 1977இல் மன்னார், வவுனியா, முல்லைத்தீவு, கிளிநொச்சி நான்கும் தத்தம் உறுப்பினரைத் தெரிந்தன. நால்வரும் தமிழர் விடுதலைக் கூட்டணியினர். ஆனால் அதே தேர்தலில் நாடளாவிய கணக்கைப் பாருங்கள். ஐக்கிய தேசியக் கட்சிக்கு வாக்கில் பாதிக்குச் சற்று அதிகம், ஆசனம் 168இல் 140. சுதந்திரக் கட்சிக்கு வாக்கில் 30 வீதத்தை அண்மித்த பங்கு, ஆசனம் 8. அதைவிட மிகக் குறைந்த வாக்கெடுத்த கூட்டணி 18 ஆசனத்தோடு பிரதான எதிர்க்கட்சியானது. அதன் வாக்கு ஓரிடத்தில் செறிந்திருந்தது, சுதந்திரக் கட்சியின் வாக்கு நாடெங்கும் பரந்து கிடந்தது. சூது எதுவும் இல்லாமலே தொகுதி முறை இவ்வளவு வித்தியாசம் காட்டும்.

மலையகத்தில் நடந்தது இதைவிடக் கசப்பு. சுதந்திரத்தின்போது இருந்த சோல்பரி யாப்பில் மாகாணத்துக்கு 75,000 பேருக்கு ஓர் உறுப்பினர், அதற்கு மேல் ஆயிரம் சதுர மைலுக்கு ஒருவர். 1948 பிரஜாவுரிமைச் சட்டத்தின் பின் தோட்டத் தொழிலாளர்களின் வாக்குரிமை போயிற்று. ஆனால் அந்த '75,000 பேர்' என்ற கணக்கில் அவர்களின் தலைகள் தொடர்ந்து எண்ணப்பட்டன. 1947இல் தோட்டத் தொழிலாளர்களின் கட்சியான இலங்கை இந்தியக் காங்கிரஸ் 7 ஆசனங்கள் வென்றது, 1952இல் அவர்களுக்கு ஒன்றுமில்லை. அவர்களின் தலைக்கணக்கால் வந்த ஆசனங்களை அந்த மாகாணங்களில் வாக்குரிமை வைத்திருந்த மற்றவர்கள் தெரிவுசெய்தார்கள். ஒரு கோட்டைக்கூட நகர்த்தாமல் பிரதிநிதித்துவத்தை எடுத்துவிடலாம் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று நாட்டில் இல்லை.

எல்லைக் கிராமங்களில் குடியேற்றம் வந்தால் எங்கள் பிரதிநிதித்துவம் குறையும் என்கிறார்கள். கோடு மாறாவிட்டாலும் அப்படி நடக்குமா?
– வாசகர், நெடுங்கேணி

நடக்கும். எல்லை என்பது பாத்திரம், வாக்காளர் இடாப்பு அதற்குள் இருக்கும் தண்ணீர். பாத்திரத்தைத் தொடாமல் தண்ணீரை மாற்றலாம். தண்ணீர் மாறிய பிறகு அதைக் காரணம் காட்டிப் பாத்திரத்தையும் மாற்றலாம். கிழக்கில் இது இரண்டு கட்டமாக நடந்தது. கல்லோயாத் திட்டக் குடியேற்றங்கள் வந்தன. பிறகு 1961இல் மட்டக்களப்பிலிருந்து அம்பாறை தனி மாவட்டமானது. திருகோணமலையில் 1976 எல்லை நிர்ணயம் சேருவில என்ற தொகுதியை உருவாக்கியது.

வன்னியில் மணலாறு என்று நாம் அழைத்த பகுதி 1980களிலிருந்து வெலிஓயா என்று பதியப்பட்டு, இன்று முல்லைத்தீவு மாவட்டத்தின் ஆறு பிரதேச செயலகப் பிரிவுகளில் ஒன்றாக இருக்கிறது. பாராளுமன்றக் கணக்கில் அங்குள்ள வாக்குகள் வன்னியின் மொத்தத்தோடு கலக்கின்றன. உள்ளூராட்சியிலும் வருங்கால மாகாணசபைத் தொகுதிகளிலும்தான் எல்லை கூர்மையாகத் தெரியும், ஏனென்றால் அங்கே வட்டாரமும் தொகுதியும் வெல்லப்பட வேண்டியவை.

வவுனியா தெற்கில் தமிழ்ப் பிரதேச சபை என்றும் சிங்களப் பிரதேச சபை என்றும் இரண்டு சபைகள் அருகருகே இருப்பதை நீங்கள் அறிவீர்கள். சமூகத்தைப் பார்த்துக் கோடு கீறுவது எப்போதும் தவறு என்று சொல்லிவிட முடியாது. சோல்பரி யாப்பே, ஓரிடத்தில் செறிந்து வாழும் சிறுபான்மையினர் தமக்கென ஒருவரைத் தெரியக்கூடியதாகத் தொகுதி அமைக்க ஆணைக்குழுவுக்கு இடம் கொடுத்தது. மட்டக்களப்பு இரட்டை அங்கத்தவர் தொகுதியாக இருந்ததும் அந்த எண்ணத்தில்தான். நாங்கள் பார்க்கும் அளவுகோல் ஒன்று: கீறிய கோடு அங்கு வாழ்பவர்களுக்குக் குரல் கொடுக்கிறதா, குரலைப் பறிக்கிறதா?

1990இல் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் குடும்பம். புத்தளத்தில் இருக்கிறோம், காணி முசலியில். எங்கே பதிவது சரி?
– வாசகி, முசலி

ஒருவர் ஓரிடத்தில்தான் பதியலாம். பொதுவிதி, வழமையாக எங்கே வசிக்கிறீர்களோ அங்கே. காணி இருப்பது மட்டும் போதாது. இடம்பெயர்ந்த வடக்கு கிழக்கு மக்கள் சொந்த ஊரில் பதிவதற்கு 2013ஆம் ஆண்டின் 27ஆம் இலக்க விசேட ஏற்பாடுகள் சட்டம் வழி செய்தது. ஆனால் அது நான்கு ஆண்டுகளுக்கானது. ஆகவே முசலியில் பதிய விரும்பினால் அங்கு வசிப்பதற்கான ஆதாரம் வேண்டும்: வீடு, பிள்ளைகளின் பாடசாலை, கிராம அலுவலரின் உறுதிப்படுத்தல்.

வழக்கமாகப் பிழைப்பது எங்கே? கணக்கெடுப்புப் படிவம் வரும் நாளில் வீடு பூட்டியிருக்கும். முசலியில் பெயர் நீக்கப்படும், புத்தளத்திலும் சேர்க்கப்பட்டிராது. தேர்தல் அறிவித்த பிறகுதான் தெரியவரும், அப்போது நேரம் கடந்திருக்கும். ஒவ்வொரு ஆண்டும் நீக்கப்படவுள்ள பெயர்களும் சேர்க்கப்படவுள்ள பெயர்களும் காட்சிக்கு வைக்கப்படும். அந்த நாட்களில் கிராம அலுவலரிடமோ, பிரதேச செயலகத்திலோ, தேர்தல்கள் ஆணைக்குழுவின் இணையத்தளத்திலோ அடையாள அட்டை இலக்கத்தைக் கொடுத்துப் பாருங்கள். பெயர் இல்லாவிட்டால் குறித்த திகதிக்குள் மாவட்டத் தேர்தல்கள் அலுவலகத்துக்கு எழுத்தில் கோரிக்கை கொடுக்கவேண்டும்.

இது தனிப்பட்ட வாக்கோடு முடிகிற விடயமல்ல. ஆசனங்கள் இடாப்பின் தொகைப்படி பிரிக்கப்படுவதால் இடாப்பு சுருங்கினால் ஆசனமும் சுருங்கும். யாழ் தேர்தல் மாவட்டத்தில் 2010இல் 7 இலட்சத்து 21 ஆயிரம் பேர் பதிவில் இருந்தார்கள், 9 ஆசனம். இடாப்பு திருத்தப்பட்ட பின் 2015இல் 5 இலட்சத்து 29 ஆயிரம், 7 ஆசனம். 2024இல் 6.

உள்ளூராட்சியில் 60க்கு 40 என்கிறார்கள். இதில் வட்டார எல்லை எவ்வளவு முக்கியம்? 25 வீதம் பெண்கள் என்ற விதி ஏன் பல சபைகளில் நிறைவேறவில்லை?
– ஆசிரியை, மாங்குளம்

60 வீதம் வட்டாரத்தில் வென்று வருவோர், 40 வீதம் பட்டியலில் வருவோர். 2018 பெப்ரவரியிலும் 2025 மேயிலும் இந்த முறையில் தேர்தல் நடந்தது. கட்சியின் மொத்தப் பங்கு அதன் மொத்த வாக்கைப் பொறுத்தது. அந்தப் பங்கில் வட்டாரத்தில் வென்றதைக் கழித்து மிச்சம் பட்டியலிலிருந்து நிரப்பப்படும்.

20 பேர் கொண்ட சபை, 12 வட்டாரம், 8 பட்டியல் என்று வையுங்கள். 10,000 வாக்கில் ஒரு கட்சிக்கு 4,500. உரிய பங்கு 9. அது 7 வட்டாரம் வென்றால் பட்டியலில் 2. 9 வென்றால் பட்டியலில் இல்லை. எப்படியும் 9தான். அந்த அளவில் எல்லை வளைப்பின் இலாபம் அடங்கிவிடுகிறது. ஆனால் எதிராளிகளைச் சிதறடிக்கும் எல்லையால் அதே கட்சி 11 வட்டாரம் வென்றால் 11ஐயும் வைத்துக்கொள்ளும். சபை 22 பேராகப் பெருக்கும். 20இல் 9 என்றிருந்தது 22இல் 11 ஆகிவிட்டது. தவிசாளர் தெரிவில் இது போதும். 2018இல் பல சபைகள் வீங்கியது இந்தத் தொங்கு உறுப்பினர்களால்தான்.

எல்லை இன்னொரு இடத்திலும் கடிக்கும். கட்சிக்கு எத்தனை என்பதை வாக்கு தீர்மானித்தாலும், எந்த ஊருக்கு என்பதை வட்டாரம்தான் தீர்மானிக்கிறது. சிறிய ஊரைப் பெரிய ஊரோடு ஒட்டிவிட்டால், வடிகாலும் வீதி விளக்கும் பெரிய ஊரில் நின்றுவிடும்.

பல சமூகங்கள் கலந்த இடங்களில் இரண்டு, மூன்று அங்கத்தவர் வட்டாரம் உண்டு. அங்கேயும் வாக்கு கட்சிக்குத்தான். ஆகவே கட்சி தன் வேட்பாளர்களில் எல்லாச் சமூகத்தையும் நிறுத்தினால்தான் பயன்.

பெண்கள் விடயத்தில், பெரும்பாலான கட்சிகள் வட்டாரங்களில் ஆண்களையே நிறுத்தி, பெண்களைப் பட்டியலுக்கு விட்டன. தன் பங்கு முழுவதையும் வட்டாரத்திலேயே வென்றுவிட்ட கட்சிக்குப் பட்டியல் ஆசனம் இல்லை, பெண்களுக்கு இடமும் இல்லை. வெல்லக்கூடிய வட்டாரங்களில் பெண்களை நிறுத்தும்படி நியமனப் பத்திரம் போகுமுன்னரே கட்சியைக் கேட்பதுதான் வழி. தேர்தல் முடிந்த பின் கேட்டுப் பயனில்லை.

மாகாணசபைத் தேர்தல் ஏன் நடக்கவில்லை?
– வாசகர், ஒட்டுசுட்டான்

எல்லை நிர்ணயத்தில் சிக்கியதால். 2017ஆம் ஆண்டின் 17ஆம் இலக்கச் சட்டம் மாகாணசபைக்குப் பாதி தொகுதி, பாதி பட்டியல் என்ற முறையைக் கொண்டுவந்தது. தொகுதி பிரிக்க முன்னாள் நில அளவையாளர் நாயகம் க. தவலிங்கம் தலைமையில் குழு அமைந்து 2018 பெப்ரவரியில் அறிக்கை கொடுத்தது. 2018 ஓகஸ்ட் 24ஆம் திகதி பாராளுமன்றத்தில் அதற்கு எதிராக 139 வாக்குகள், ஆதரவாக ஒன்றுமில்லை. சமர்ப்பித்த அமைச்சரே எதிர்த்து வாக்களித்தார். மீளாய்வுக் குழு இரண்டு மாதத்தில் முடிக்கவேண்டிய வேலையை முடிக்கவில்லை. பழைய முறை நீக்கப்பட்டுவிட்டது, புதிய முறைக்கு எல்லை இல்லை. 2013இல் தெரிவான வடமாகாணசபையின் காலம் 2018 ஒக்டோபரில் முடிந்தது. எல்லையைக் கீறாமல் விடுவதாலும் ஒரு மக்களின் சபையை இல்லாமற்செய்யலாம் என்பதை நாங்கள் வருத்தத்தோடு பதிகிறோம்.

எங்கள் கிராம அபிவிருத்திச் சங்கம் அடுத்த எல்லை நிர்ணயக் குழுவுக்கு எழுத விரும்புகிறது. எப்படி எழுதினால் எடுபடும்?
– செயலாளர், செட்டிகுளம்

குழு அறிவித்தல் விடும்வரை காத்திராதீர்கள். அறிவித்தலுக்கும் முடிவுத் திகதிக்கும் இடையில் சில வாரங்கள்தான் இருக்கும். இப்போதே மூன்று விடயங்களைச் சேர்த்து வையுங்கள்: உங்கள் பிரதேச சபையின் வட்டார வர்த்தமானி, ஒவ்வொரு கிராம அலுவலர் பிரிவினதும் வாக்காளர் தொகை, நில அளவைத் திணைக்களத்தின் 1:50,000 வரைபடம்.

பிறகு சராசரியைப் பிடியுங்கள். சபை முழுவதும் 18,000 வாக்காளர், 12 வட்டாரம் என்றால் சராசரி 1,500. உங்கள் வட்டாரத்தில் 2,300 பேர், பக்கத்து வட்டாரத்தில் 1,000 பேர் என்று வையுங்கள். எல்லையிலுள்ள 700 பேர் கொண்ட கிராம அலுவலர் பிரிவை அங்கே மாற்றினால் 1,600உம் 1,700உம் வரும். இரண்டு பக்கமும் சராசரிக்குக் கிட்ட வந்துவிட்டன. இந்த இரண்டு எண்ணையும் சேர்த்து எழுதுங்கள். மனுக்கள் பெரும்பாலும் தோற்பது இந்த இடத்தில்தான். "எங்கள் ஊரை இங்கிருந்து எடுங்கள்" என்று இருக்கும், எங்கே வைப்பது, வைத்தால் அங்கே என்ன ஆகும் என்று இராது. குழுவுக்கு முழு வரைபடமும் பொருந்தவேண்டும். உங்கள் துண்டு பொருந்துகிறது என்று நீங்களே காட்டினால் அவர்களின் வேலை பாதி முடிந்தது.

காரணங்களை நிலத்திலிருந்து எடுங்கள். மாரியில் ஆறு பெருகினால் எந்தப் பாதை துண்டிக்கப்படும், வாக்களிக்கும் பாடசாலைக்கு எத்தனை கிலோமீற்றர், இடையில் யானைக்காடு உண்டா, எந்தக் குளத்தின் கமக்காரர் அமைப்பில் இரண்டு ஊரும் சேர்ந்திருக்கின்றன. கமக்காரர் அமைப்பு ஒன்றாக இருப்பது ஊர்கள் ஒன்றாக இயங்குவதற்கு வன்னியில் மிக வலுவான சான்று. கிராம அலுவலர் பிரிவை இரண்டாக உடைக்கும் யோசனையைக் கூடியவரை தவிருங்கள். உடைத்தால் இடாப்பையும் வீடு வீடாகப் பிரிக்கவேண்டி வரும், பிழைகள் அங்கேதான் பிறக்கும்.

ஒரு சமூகம் சிதறடிக்கப்பட்டிருந்தால் அதையும் எண்ணால் சொல்லுங்கள். அடுத்தடுத்த நான்கு ஊர்களில் 1,200 பேர் இருந்து, மூன்று வட்டாரங்களில் 400, 400, 400 என்று பிரிக்கப்பட்டிருந்தால் அந்த ஒரு வரி பத்துப் பக்க முறைப்பாட்டைவிடப் பேசும். அவர்களை ஒரே வட்டாரத்தில் வைக்கலாமா, இல்லையென்றால் இரட்டை அங்கத்தவர் வட்டாரம் பொருந்துமா என்று மாற்றையும் எழுதுங்கள். எந்தக் கட்சிக்கு நன்மை என்ற பேச்சு வேண்டாம்.

ஒரே கடிதத்தை 500 பேர் ஒப்பமிட்டு அனுப்பினாலும் அது ஒரு காரணம்தான். அதைவிட ஆபத்து, ஒரே ஊரிலிருந்து கோயில் சபை ஒன்று சொல்ல, விளையாட்டுக் கழகம் வேறொன்று சொல்வது. குழு இரண்டையும் விட்டுவிடும். அனுப்புமுன் ஊர்க்கூட்டம் வைத்து ஒரே யோசனைக்கு வாருங்கள், பக்கத்து வட்டாரத்து ஆட்களையும் அழையுங்கள். அவர்களும் ஒப்பமிட்டால் மறுப்புக் கடிதம் வராது. எழுத்து இரண்டு பக்கம், வரைபடம் ஒரு பக்கம், எண் அட்டவணை ஒரு பக்கம் போதும். பதிவுத் தபாலில் அனுப்பிப் பற்றுச்சீட்டை வைத்திருங்கள். வாய்மூல அமர்வுக்கு அழைத்தால் வரைபடத்தை விரித்துக் காட்டத் தெரிந்த ஒருவரை அனுப்புங்கள்.

தொகை எடுக்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். குழு சனத்தொகையில் கணக்குப் பார்க்கிறதா, வாக்காளர் தொகையிலா என்று அறிவித்தலிலேயே தேடுங்கள். வன்னியில் இரண்டுக்கும் பெரிய இடைவெளி வரலாம். 1981க்குப் பிறகு 2012 வரை இங்கே முழுமையான குடிசன மதிப்பீடு நடக்கவில்லை. மீள்குடியேறியோர் பலரின் பெயர் வேறிடத்து இடாப்பில் இருந்திருக்கிறது. குழு ஒரு தொகையைப் பயன்படுத்த, நீங்கள் மற்றத் தொகையைக் கொடுத்தால் உங்கள் அட்டவணையை ஒப்பிடவே முடியாது.

எங்கள் வட்டாரத்தின் எல்லையை எங்கே பார்க்கலாம்?
– வாசகர், நானாட்டான்

2017 பெப்ரவரி 17ஆம் திகதிய 2006/44ஆம் இலக்க அதிவிசேட வர்த்தமானியில். ஒவ்வொரு உள்ளூராட்சி மன்றத்துக்கும் வட்டார இலக்கம், பெயர், அதற்குள் அடங்கும் கிராம அலுவலர் பிரிவுகள் அதில் இருக்கின்றன. பிரதேச சபை அலுவலகத்திலும் பிரதேச செயலகத்திலும் கேட்டால் காட்டுவார்கள். உங்கள் கிராம அலுவலர் பிரிவின் பெயரோடு இலக்கத்தையும் எழுதிக்கொண்டு போங்கள். ஒரே பெயரில் இரண்டு இடங்கள் இருக்கக்கூடும்.